ஏணி வாடகைக்கு ஒரு லைசென்ஸ்

"போட்டோ ஒட்டலை மேடம். அப்போ விண்ணப்பம் செல்லாதுதானே?" ஹார்டுவேர் கடைக்காரர் ஆவலாகக் கேட்டார்.

"உங்க பழைய லைசென்ஸ் ஃபைல்ல ஒரு போட்டோ இருக்கு சார். அதையே ஒட்டிக்கறேன்" என்றார் உரிமப் பிரிவு அதிகாரி.

கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஆபீசில் இப்படி நடக்கும்? ஒரு கையெழுத்துக்குச் செருப்புத் தேய நடக்க விடுவார்கள் என்று நம்பித்தானே வந்தார்!

விஷயம் இதுதான். ஆணியும் பெயிண்டும் விற்கிற கடையில் ஏணி, டிரில்லிங் மெஷின் எல்லாம் வாடகைக்கும் விடலாமே என்று வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மனைவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "வாடகை வேலையை என் தம்பி பார்த்துக்கட்டும். கடைக்குப் பின்னாடி ரூம்லயே தங்கிக்குவான்."

மச்சினனுக்கு அவர் வைத்திருந்த பெயர் ரேடியோ. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ஆணி வாங்க வந்தவரை அரை மணி நேரம் நிற்கவைத்து, சுவரில் ஆணியே அடிக்கக் கூடாது என்று புத்தி சொல்லித் திருப்பி அனுப்பியவன். அவன் நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்தால் வியாபாரமும் போகும், இவருக்குப் பைத்தியமும் பிடிக்கும். மனைவியிடம் முடியாது என்று சொல்லத் தைரியமில்லை. அரசாங்கமே முடியாது என்று சொல்லிவிட்டால் அவள் யாரோடு சண்டை போடுவாள்?

"விக்கிற கடையில வாடகைக்கு விட சட்டத்துல இடம் இருக்கா மேடம்?"

"இருக்கே. இப்போ இருக்கிற லைசென்ஸ்ல ஒரு பிரிவு சேர்த்தாப் போதும்."

"ஏணியில ஏறி எவனாவது விழுந்து வெச்சா?"

"எடுத்துட்டுப் போறவங்க கையெழுத்துப் போட ஒரு ஒப்பந்தம் வேணும். மாதிரிப் படிவம் இதோ."

"மெஷினுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கேப்பாங்களாமே. என்கிட்ட இல்லை!" கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புது மெஷின்தானே வாங்கப் போறீங்க? கம்பெனிக்காரங்க தர்றதே போதும்."

"பக்கத்துக் கடைக்காரர் ஆட்சேபம் இல்லைன்னு எழுதித் தரணுமே. அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

"நேத்து நானே போய் எழுதி வாங்கிட்டேன்" என்று அதிகாரி ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். உலகத்தில் சுறுசுறுப்பான அதிகாரி ஒரே ஒருவர்தான் இருப்பார் போலிருக்கிறது. அவர் தன் தலையிலா வந்து விடிய வேண்டும்!

"இடத்தை நேர்ல வந்து பார்க்கணும்ல? மெதுவா வாங்க மேடம், அவசரமே இல்லை."

"காலையில வர்ற வழியிலேயே பார்த்துட்டேன் சார். உங்க வீட்டம்மாதான் திறந்து காட்டினாங்க. பின்னாடி ரூம் நல்ல காத்தோட்டமா இருக்கு. ஃபேன்கூட ஓடுது."

"ஏணிக்கு எதுக்கு மேடம் ஃபேன்?" எரிந்து விழுந்தார் கடைக்காரர்.

அதிகாரி முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

இனி மறைத்துப் பயனில்லை. கடைக்காரர் எழுந்து கைகூப்பினார். "மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு குறை கண்டுபிடிச்சு நிராகரிச்சிடுங்க. இது வந்தா என் மச்சினன் கடையில வந்து உக்காந்துக்குவான். அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு என்னால உயிரோட இருக்க முடியாது."

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தில் நிஜமான இரக்கம் தெரிந்தது. கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதிகாரி கண்களை இறுக மூடிக்கொண்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார். 'அனுமதிக்கப்பட்டது.'

"என்னை மன்னிச்சிடுங்க சார்" என்றார். "மூணு வருஷமா உங்க மச்சினர் எங்க வீட்டு மாடியிலதான் குடியிருக்கார். இந்த லைசென்ஸ் வந்தாத்தான் காலி பண்ணுவேன்னுட்டார்."