சீட்டின் உயரம்

கூடாரத்துக்கு வெளியே ஸ்டாண்டு போட்ட சைக்கிளை மிதித்துத்தான் விளக்கு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும். அவள் கணவர் இருந்தவரை அது அவர் வேலை. ஆள் நெட்டை. மிதித்து முடித்ததும் சீட்டை உயரத்திலேயே விட்டுவிடுவார். அவள் ஏறினால் கால் எட்டாது. வருடா வருடம் இந்த ஏரிக்கரையில் இதே சண்டைதான்.

அவர் போனபின் இப்போதுதான் மகளோடு வந்திருக்கிறாள். மாலையில் சீட்டை இறக்கி மிதித்தாள். மூச்சு வாங்கவே பாதியில் விட்டுவிட்டாள்.

காலையில் மகள் கேட்டாள்: "பேட்டரி ஃபுல்லா இருக்கே, எப்பம்மா மிதிச்சே?"

சீட் உயர்ந்திருந்தது.

"இறக்கி வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" பழக்கதோஷத்தில் கத்திவிட்டாள்.

அன்று மாலை அவள் சைக்கிளைத் தொடவேயில்லை.

மறுநாளும் பேட்டரி நிறைந்திருந்தது. உயிரோடு இருந்தவரை அவர் ஒருநாளும் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. இப்போது சீட், அவள் கால் எட்டும் உயரத்தில் இருந்தது.