எழுத்து இல்லாத முகப்புப் படம்

வீடியோக்களின் முகப்புப் படங்கள் வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகின்றன என்று பதிவு செய்வதுதான் மங்கையர்க்கரசியின் வேலை. பார்ப்பவர் யார் முகத்தைக் கண்டால் கடந்து போகமாட்டாரோ, அந்த முகத்தையே கணினி படத்தில் வரைந்து அசையவும் விடும் காலம் அது. அவளுக்கு வருவதெல்லாம் தென்காசியில் தனியாக இருக்கும் அக்காவின் முகம். சமையல் வீடியோவிலும் அக்கா அலறினாள், பங்குச்சந்தை வீடியோவிலும் அலறினாள். முதல் வருடம் பதறிப்போய் ஒவ்வொரு முறையும் ஊருக்கு போன் செய்தவள், இப்போது வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவாள்.

அன்று காலை திரையில் எழுந்த படத்தில் அக்கா அலறவில்லை. தரையில் சரிந்து, ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்தபடி உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"மேல எழுத்தே இல்லையே மேடம்," என்றான் பக்கத்து இருக்கை ஜெபராஜ். "கீழ பச்சை பட்டன் வேற துடிக்குது. வீடியோ கால் வருதோ என்னமோ."

"கால் மாதிரி பட்டன் வைக்கிறது பழைய வித்தை ஜெபராஜ். அஞ்சு வருஷமா பண்றாங்க. மணிக்கட்டுல இந்தத் தழும்பப் பாருங்க. சின்ன வயசுல கஞ்சி கொட்டி வெந்த இடம். இதுவரைக்கும் ஒரு படத்துலயும் இது வந்ததே இல்ல."

வியந்துகொண்டே தட்டச்சு செய்தாள்: எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை, அலறல் இல்லை. புதிய பாணி.

பத்து நிமிடத்தில் அதே படம் நான்கு முறை வந்தது. பிறகு வரவேயில்லை.

மாலையில் அறிக்கையை முடிக்கும்போது ஒரு வரி சேர்த்தாள்: இந்தப் பாணி நிலைக்கவில்லை.