வெண்மயிலின் இடுப்பு

மேசை மேல் வெண்மயில் உடுப்பு குப்புறக் கிடக்கிறது. பனித்தரையில் சறுக்கி ஆடும் ஐஸ் ஷோவுக்காக புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துத் தையற்கூடத்தில் தைத்தது; ஆறு மாதம் பிரான்சில் சுழன்று ஆடிவிட்டு, அளவைக் குறைக்கச் சொல்லித் திரும்பி வந்திருக்கிறது. சன்னல் வெயில் பட்டு அதன் பாசிமணிகள் சுவரெங்கும் புள்ளி புள்ளியாக மினுங்குகின்றன. ரமீஜா உட்புறத்தைத் திருப்புகிறாள். வலிமருந்து வாடை குப்பென்று அடிக்கிறது. கழுத்துப்பட்டியில் அவளே தைத்த பெயர்: மரி-லோர். இதை அணிந்து ஆடியவள். ஆட்டத்தின் நடுவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். ரமீஜாவின் விரல் இடுப்போரம் தடவிப் போய் நிற்கிறது. விழுந்தால் தாங்கட்டும் என்று அவள் வைத்துத் தைத்த மெத்தை அங்கே இல்லை. பிரித்த நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

"இங்க வெச்ச ஸ்பாஞ்சு எங்க தம்பி?"

"நான்தான் பிரிக்கச் சொன்னேங்க்கா." உடுப்பை வடிவமைத்த ஃபாபிரிஸ் செல்போனிலிருந்து தலை தூக்காமலே சொல்கிறான். "இடுப்பு குண்டா தெரிஞ்சுது. இந்தத் தடவையும் வெச்சிடாதீங்க. புதுப் பொண்ணு ஏலோதி ரொம்ப ஒல்லி."

"அதுவும் விழுந்தா?"

"விழாத பொண்ணாப் பாத்துதான் எடுத்துருக்காங்க."

மின்விசிறிக் காற்றில் ஒற்றை இறகு எழுந்து எழுந்து படுக்கிறது. ரமீஜா பழைய பெயரை பிளேடால் பிரித்தெடுத்துவிட்டு, புதுப் பெயர் நாடாவை அதே இடத்தில் வைக்கிறாள். எப்போதும் பொடிப் பொடியாகத் தையல் போடும் கை, இன்று நாலே நாலு நீளத் தையலோடு நின்றுவிடுகிறது. அடுத்த பெயர் வரும்போது பிரிக்கச் சுலபமாக இருக்கும்.