பேஜார் மாடல்

"வீட்ல இருந்தே பண்ற தொழிலுக்கு ஒரு பிரிண்டர் வேணும்ணா" என்றாள் பொன்மலர்.

ஆம்பூர் பஜாரில் கடை வைத்திருக்கும் நவநீதன் பெரிதாக ஒன்றைத் தட்டிக் காட்டினான். "கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க மேடம். ரெண்டு வருஷமா விக்கிறேன், ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல."

அவள் முகம் வாடியது. "வேற காட்டுங்க."

அடுத்தது பத்து வருடம் உழைக்கும் என்றான். அதற்கும் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஓரமா இருக்கே, அது?"

நவநீதன் குரலைத் தாழ்த்தினான். "விலை கம்மின்னு எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. பேரணாம்பட்டு வரைக்கும் இருநூறு போயிருக்கு. ஆனா ஒரே பேஜாரு மேடம். பேப்பர் மாட்டிக்குதுன்னு வாரம் நாலு பேர் தூக்கிட்டு வர்றாங்க. சரி பண்ண வேலூருக்குத்தான் அனுப்பணும்."

"அப்ப இதையே குடுங்க!"

"இன்னா மேடம், இவ்ளோ சொல்றேன்..."

"என் நோட்டீஸ் போன்ல இருக்கு. ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க."

பாதித் தாள் வெளியே வந்ததும் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. "பாத்தீங்களா?" என்று நவநீதன் திரும்புவதற்குள், அவள் கைப்பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் மூடியைக் கழற்றியிருந்தாள். கசங்கிய தாளை உருவி அவனிடம் நீட்டினாள்.

'பொன்மலர் பிரிண்டர் சர்வீஸ். ரிப்பேருக்கு இனி வேலூர் போக வேண்டாம்.'

"கழட்டிப் பழக இது ஒண்ணு போதும்ணா. அந்த இருநூறு பேர் போன் நம்பர் இருக்கா?"