எரித்தாலும் எடை குறையாது

“உடம்பு எரிஞ்சு சக்தியா மாறிப் பிரபஞ்சத்துல கலந்துடறது, கோவிந்த். சயன்ஸும் அதையாக்கும் சொல்றது” என்றார் சிவராமகிருஷ்ணன் சித்தப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மட்டாஞ்சேரி மயானத்தில், உலை வாசலில் தள்ளுவண்டி மேல் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நான் ஈர வேட்டியோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த நிலையிலும் ஒருவர் தப்பான ஃபிசிக்ஸ் பேசினால் என்னால் சும்மா இருக்க முடியாது. இடப்பள்ளியில் பதினாறு வருஷமாக என்ட்ரன்ஸ் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

“ஒரு மண்ணும் மாறாது, சித்தப்பா” என்றேன்.

அப்பா அறுபத்திரண்டு கிலோ. அதில் பாதிக்கு மேல் தண்ணீர், அது ஆவியாகப் போகும். மற்றது காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து புகைக்குழாய் வழியே போகும். இரண்டு கிலோ சாம்பல் மிஞ்சும். போனதையெல்லாம் பிடித்து வைத்து நிறுத்தால் எடை குறைந்திருக்காது. குறைந்தாலும் ஒரு தூசி அளவுகூட இராது. நிஜமாகவே அதில் ஒரே ஒரு கிராம் சக்தியாக மாறினால் இரண்டரைக் கோடி யூனிட் கரண்ட். மட்டாஞ்சேரி இருந்த இடத்தில் காயல் தண்ணீர்தான் இருக்கும்.

இத்தனையும் சொன்னேன். காரியம் பண்ணிவைக்க வந்த வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திருப்பூணித்துறையிலிருந்து வந்த உறவுக்காரர்கள் இரண்டு பேர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்கள். சித்தப்பா தலையை ஆட்டினார். புரிந்து ஆட்டவில்லை என்பது தெரிந்தது. மிளகு மண்டியில் நாற்பது வருஷம் இருந்தவர். எடை போடத் தெரியும், எடை என்றால் என்னவென்று தெரியாது.

காலையில் வீட்டிலும் இதே கூத்துதான். கடைசிக் குளியலுக்குத் தண்ணீர் விடச் சொன்னார்கள். போர்த்திய வேட்டியின் மேலேயே மூன்று செம்பு ஊற்றிவிட்டு விலகி நின்றேன். கிட்டே போய்த் தொட்டுத் தடவி அழும் நாடகம் எனக்கு ஆகாது. விபூதி இட்டதுகூட வாத்தியார்தான்.

அப்போது மயானத்து ஆள் ஒரு காகிதத்தோடு வந்தான். ஒச்சப்பன் என்று பெயர், உசிலம்பட்டிப் பக்கம். வாய் நிறைய வெற்றிலை.

“சாரே, ரத்த சொந்தம்தான் சொல்லணும். பெரியவரு நெஞ்சுல மெஷின் ஏதாவது வச்சிருக்கா?”

பேஸ்மேக்கரைக் கேட்கிறான். எதற்குக் கேட்கிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. சரி, இவனும் தெரிந்துகொள்ளட்டும் என்று விளக்கினேன். தீப்பெட்டி அளவு பொருளுக்குள் பத்து வருஷத்துக்கான சக்தியை அடைத்து வைத்திருக்கிறார்கள். உலைச் சூட்டில் அது ஒரேயடியாக வெளியே வந்தால் வெடிக்கும். செங்கல் பெயரும், பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கண் போகும். ஒச்சப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கேட்டு என்ன, இவன் மண்டையில் என்ன ஏறிவிடப்போகிறது.

“எங்கப்பாவுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது” என்று சொல்லி, காகிதத்தில் மலையாளத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

எழுபத்தெட்டு வயதிலும் தினமும் கோயிலுக்கு நடந்தே போய் வந்தவர். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்க்காமல் இருந்ததில்லை. எனக்குத் தெரியாமல் அவருக்கு என்ன இருந்துவிட முடியும்.

ஒச்சப்பன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். உலைப் பக்கம் போகவில்லை. நேராக அப்பாவிடம் போய் மேல் துணியை விலக்கினான்.

“கையை எடு” என்றேன்.

அவன் எடுக்கவில்லை. இடது தோள் எலும்புக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தான்.

தோலுக்கு அடியில் கெட்டியாக ஒன்று இருந்தது. அதன் மேல் நன்றாக ஆறிய ஒரு தழும்பு.

சித்தப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. கூசிப்போய்க் கையை எடுத்துக்கொண்டேன்.

“எப்போ வச்சது இது?” என்று ஒச்சப்பனிடம் கேட்டேன். அன்று காலையிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி அது.

“ரெண்டு வருஷம் ஆச்சு, சாரே. எடுக்கறதுக்கு டாக்டர் வந்துக்கிட்டிருக்காரு. பெரியவரு போயிட்டாருன்னு கேட்டதுமே ஃபோன்ல விளிச்சுச் சொல்லிட்டேன்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவரே ஒருநாள் இங்க நடந்து வந்து, சட்டையைக் கழட்டிக் காட்டிட்டுப் போனாரு. ‘எம்பையன் ஒண்ணும் இல்லேன்னுதான் எழுதிக் குடுப்பான், அதை நம்பி என்னை உள்ள தள்ளிராதே, உனக்கு அடிபட்டுரும்’னாரு. பையன்கிட்ட சொல்லிரலாமேன்னு கேட்டேன்.”

அவன் விலக்கிய துணியை அப்பாவின் மேல் திரும்ப இழுத்துவிட்டான்.

“ஃபோன்ல சொல்லத்தான் ஆரம்பிச்சாராம். நெஞ்சுல வைக்கிற பேட்டரி எத்தனை நாளைக்கு உழைக்கும்னு உங்ககிட்ட கேட்டிருக்காரு. நீங்க அரை மணிக்கூர் பாடம் எடுத்தீங்களாம். யாருக்குன்னு மட்டும் கேக்கலையாம்.”

அந்த ஃபோன் எனக்கு நினைவிருந்தது. நன்றாகத்தான் விளக்கியிருந்தேன்.