ஏழாம் பாடத்துத் தும்மல்

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம் டீச்சர்" என்றார் பரமசிவன்.

தென்காசியில் நர்சுகளுக்கு ஜெர்மன் கற்றுக்கொடுக்கும் மையம் அவருடையது. ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக மாணவிகளை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பாதிப் பேருக்கு தங்கபுஷ்பம் டீச்சர். மீதிப் பேருக்கு ஹெட்போன் மாட்டிய கம்ப்யூட்டர். பரீட்சையில் கம்ப்யூட்டர் பிள்ளைகள் முந்திவிட்டார்கள்.

"நான் எதுக்குப் போகணும் அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டர்ல பேசுதது அசல் ஜெர்மன்காரி. நீங்க செங்கோட்டையைத் தாண்டியிருக்கியளா?"

"ஏழாம் பாடத்தைப் போடுங்க. ஹெட்போனைக் கழட்டிட்டுச் சத்தமா வையுங்க."

சலிப்போடு போட்டார். அழகான ஜெர்மன் அறையை நிறைத்தது.

"கேட்டியளா? இதுல்லா உச்சரிப்பு!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் பலமாகத் தும்மியது. பிறகு அதே குரல் தமிழில் முணுமுணுத்தது:

"சவம், குத்தாலத்துல குளிச்சிருக்கக் கூடாது."

பரமசிவன் கம்ப்யூட்டரையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் ஐந்தருவிக்குப் போயிட்டு வந்து இதைப் பேசிக் கொடுத்தேன். முடிவு வார வரைக்கும் வெளிய சொல்லாதீங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க கேட்டாங்க. அதான் பேசாம இருந்தேன்."

தங்கபுஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"ஜெயிச்சதும் நான்தான், தோத்ததும் நான்தான். இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி, இதுல யாரை வீட்டுக்கு அனுப்பப் போறிய?"