கோடு போட்ட பாட்டில்

"பாட்டிலோட வந்துட்டார் பாரு, பால்குடி மறக்காத பிள்ளை!"

டென்னிஸ் கிளப்பின் தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். எதிரே ஆட வந்த புது உறுப்பினர், கோடு கோடாகக் குறித்த பெரிய தண்ணீர் பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டு வணக்கம் சொன்னார். தலைவர் பதிலுக்குத் தலையைக்கூட அசைக்கவில்லை.

இரண்டு வருடமாகக் கோப்பை தலைவர் வீட்டில்தான். இன்றும் ஜெயித்தால் அது நிரந்தரமாக அவருக்கே. அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்தும் வைத்துவிட்டார்.

முதல் செட்டை ஊதித் தள்ளினார். பக்கம் மாறும்போதெல்லாம் புது உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்து, கோட்டைப் பார்த்து, அளந்து இரண்டு மடக்கு குடித்தார். தலைவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆட வந்தீரா, செடிக்குத் தண்ணி ஊத்த வந்தீரா? எந்த மடையன்யா இப்படிக் கோடு போட்டுக் குடிக்கச் சொன்னான்?"

"ஆட்டம் முடியட்டும், சொல்றேன் சார். வெயில் கடுமையா இருக்கு, நீங்களும் ஒரு வாய் குடிங்க."

"நானா? ஆட்டத்துக்கு நடுவுல தண்ணியைத் தொட்டதே இல்ல. அதெல்லாம் சோப்ளாங்கிகளுக்கு!"

அதற்குள் தலைவரின் செல்போன் அலறியது.

"இருபது பேர் காத்திருக்காங்களா? உட்காரட்டும். ரிப்போர்ட்டை மட்டும் வாங்கி மேஜைமேல வை. ஆளைப் பார்த்து என்ன ஆகப்போகுது?" என்று எரிந்து விழுந்துவிட்டு மட்டையை எடுத்தார்.

இரண்டாவது செட்டில் நாக்கு வறண்டது. பந்து இரண்டாகத் தெரிந்தது, இரண்டையுமே கோட்டைவிட்டார். மூன்றாவதில் கெண்டைக்கால் சுருட்டி இழுக்க, தொப்பென்று தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கோப்பை கைமாறியது.

புது உறுப்பினர் ஓடிவந்து காலை நீவிவிட்டுப் பாட்டிலை நீட்டினார். தலைவர் கடைசிக் கோடுவரை மடக்மடக்கென்று குடித்தார். வாயைத் துடைத்ததும் பழைய திமிர் திரும்பிவிட்டது.

"இப்பவாவது சொல்லுமய்யா, யார் அந்த மடையன்?"

"கிட்னியில கல்லுன்னு அஞ்சு தடவை போய் நின்னேன் சார். ஒரு தடவைகூட நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்க்காமலே, மணிக்கு இவ்வளவு தண்ணி குடிக்கணும்னு எழுதிக் குடுத்தார்."

"அதான், யாருங்கறேன்!"

புது உறுப்பினர் பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து, அவர் மடியில் வைத்தார்.

"நீங்கதான், டாக்டர்."